அவிழ்க்கக் கூடாத முடிச்சு

கண்ணு,

கோவிந்த நாமத்தை மேலே எழுதாமல் நான் எந்தக் காகிதத்தையும் தொடங்கியதில்லை என்பது உனக்குத் தெரியும். மளிகைச் சீட்டுக்கும் அதுதான், பால் கணக்குக்கும் அதுதான். இந்தக் காகிதத்தில் அதை எழுதிவிட்டு அடுத்த வரிக்கு வர எனக்கு நாலு நாள் ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போன் செய்து, கல்யாணம் முடிந்த மறுவாரமே நீயும் ஹேமாவும் தாய்லாந்து போகிற சந்தோஷத்தைச் சொன்னாய். டிக்கெட் போட்டாயிற்று, ஓட்டல் போட்டாயிற்று, இன்சூரன்சும் போட்டாயிற்று என்றாய். "ஏற்கெனவே எதுனா நோய் இருக்குதான்னு ஃபார்ம்ல ஒரு கேள்வி இருந்துச்சும்மா. இல்லன்னு போட்டுட்டேன்" என்று போகிறபோக்கில் சிரித்துக்கொண்டே சொன்னாய். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. நம் வீட்டில் இவ்வளவு நடந்த பிறகுமா என்று வாய்வரை வந்தது, கேட்க முடியவில்லை. அந்த 'இல்லை'யை உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு, அதுவும் ஏழாவது வரைக்கும். தமிழ் எழுத்தைக் கல்யாணமான பிறகு பாசுரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என்னை முடித்துவிடுவாய். காகிதத்துக்கு நீ சரிம்மா போட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். மலேசியாவில் நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதி. போனில் நீ கேட்டது மட்டும்தான் உனக்குத் தெரியும். நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று இதுவரை உன்னிடம் சொல்லவில்லை.

எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு நீதான் அந்த எட்டு நாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினாய். உன் நைனா கடையை எட்டு நாள் பூட்டுவதா என்று முறைத்தார். நகரியிலிருந்து துண்டும் லுங்கியும் வந்து இறங்குகிற நேரம் என்றார். பிறகு அவரே புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தார். நான் பயந்ததெல்லாம் சாப்பாட்டுக்கும் பாஷைக்கும்தான். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், எட்டு நாளைக்கு அவருடைய சர்க்கரை மாத்திரை, மேலே ஒரு நாலு, எல்லாவற்றையும் எண்ணி நோட்டில் எழுதி வைத்தேன். என் நோட்டில் ஏறாத மாத்திரை நம் வீட்டுக்குள் இல்லை என்று எனக்கு ஒரு கர்வம். சுற்றுலா ஆபீஸ் பையன் இன்சூரன்ஸ் காகிதத்தை நீட்டி, "அம்மா, சாருக்கு ஷுகர் எதுனா இருக்குதா?" என்று கேட்டபோது, "கிளம்பற நேரத்துல நோய் பேர எழுதக்கூடாதுப்பா, இல்லன்னு போடு" என்றேன். அவனும் போட்டான். உன் நைனா பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அந்த மஞ்சள் முடிச்சைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே புரிகிறது. ஒரு கஷ்டம் வந்தால் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து பெருமாளை வேண்டிக்கொள்வதும், வேண்டியது நடந்ததும் திருமலைக்குக் கொண்டுபோய் உண்டியலில் போடுவதும், அதுவரை, முடிச்சுப் போட்டவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டு அவிழ்க்காமல் இருப்பதும் நம் வீட்டுப் பழக்கம். இரண்டு வருஷமாக உன் நைனாவின் சட்டைப் பையில் அப்படி ஒரு முடிச்சு இருந்தது. என்ன வேண்டுதல் என்று ஒரு தரம் கேட்டேன். "சொன்னா பலிக்காதுடி" என்றார். தினமும் குளித்ததும் அந்த முடிச்சைக் கையில் எடுத்துக்கொண்டு மலை தெரியும் ஜன்னல் பக்கம் திரும்பி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு நிமிஷம் நிற்பார். பிறகு "ஒரு வாய் தண்ணி குடு, தீர்த்தமா குடிக்கிறேன்" என்பார். மார்கழியில்கூட பஜனைக்கு வராமல் கடையில் லுங்கி எண்ணிக்கொண்டிருந்த மனுஷனுக்கு இந்தப் பக்தி எப்படி வந்தது என்று நான் பூரித்துப் போனேன். பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். கோலாலம்பூர் ஓட்டலில் பத்தாவது மாடியில் ஜன்னலுக்கு ஜன்னல் போய் நின்று, "நம்ம மலை எந்தப் பக்கம்னு தெரியலயே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பத்துமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மழை பெய்து படியெல்லாம் ஈரம். "நம்ம பெருமாளுக்கு மருமவன் வூடு, வெறுங்கையோட போவக்கூடாது" என்று உன் நைனா வாழைப்பழம் வாங்கினார். சட்டைப் பை நனைகிறது என்று முடிச்சையும் அதே பையில் போட்டுக்கொண்டார். நாலு படி ஏறவில்லை, ஒரு குரங்கு வந்து அந்தப் பையைப் பிடித்து இழுத்தது. "உடுங்க, துன்னுட்டுப் போவட்டும்" என்றேன். அவர் விடவில்லை. பழம் சிதறியது, முடிச்சு கீழ்ப் படியில் விழுந்தது. அறுபது வயதை நெருங்குகிற மனுஷன் உயிரே அதில் இருப்பதுபோல் பாய்ந்தார். கால் வழுக்கிப் பின்மண்டை படி விளிம்பில் மோதியது. நான் ஓடிப்போய்த் தூக்கினால், ரத்தம் காதோரம் இறங்குகிறது, கை மட்டும் முடிச்சை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இப்படி ஒரு பக்தி யாருக்கு வரும் என்று தோன்றியது. அவர் விரல்களைப் பிரித்து முடிச்சை வாங்கிக் கண்ணில் ஒற்றி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சுற்றுலாக்காரர் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வாசலில் முதலில் பாஸ்போர்ட் கேட்டார்கள், பிறகு முன்பணம் கட்டச் சொன்னார்கள், பிறகுதான் படுக்கை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அதுதான் முறை என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். பாஷை தெரியாத ஊரில் என்ன கேட்பார்கள், எதைப் புரிந்துகொண்டு என்ன சொல்வேன் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, ஒரு நர்ஸ் வந்து, "அம்மா, நான் தமிழ்தாம்மா. பேரு செல்வி. பயப்படாதீங்க, நான் டாக்டர்கிட்ட எடுத்துச் சொல்றேன்" என்றாள். பெருமாளே அனுப்பினான் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் காயத்தைப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், ஏதோ கேட்டார். செல்வி அதைத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு ஐயா ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறாங்களா?"

"இல்லம்மா. சர்க்கரை மாத்திரை மட்டும்தான். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இது முக்கியம்."

"யோசிக்க இன்னா இருக்குது? முப்பது வருஷமா என் கையாலதான் எல்லாம் எடுத்துக் குடுத்துக்கினு வரேன். ஏழுமலையான் மேல ஆணையா சொல்றேன், வேற ஒண்ணும் கிடையாது."

செல்வி உன் நைனாவைப் பார்த்தாள். "ஐயா, அம்மா சொல்றது சரிதானே?"

உன் நைனாவுக்கு நல்ல நினைவு இருந்தது, கண்ணு. கேள்வி காதில் விழுந்தது, புரிந்தது. என்னைப் பார்த்தார், பிறகு மேலே விளக்கைப் பார்த்தார். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் டாக்டரம்மா. எங்க வூட்டு கணக்குப்பிள்ளை அவதான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். டாக்டர் மூன்று தையல் போட்டார். அப்படி மாத்திரை எதுவும் இல்லையென்றால் ஸ்கேன் கட்டாயமில்லை, வேண்டுமானால் எடுக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே வா என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். அன்றைக்கே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். "புள்ள பயந்துக்கும், மூணு தையல்தானே" என்று நான்தான் சொன்னேன். அவரும் வேகமாகத் தலையாட்டினார். அந்த வேகம் எதற்கென்று இப்போது தெரிகிறது.

மறுநாள் காலையில், தலையில் கட்டோடு, "அந்த முடிச்சைக் குடு" என்று கேட்டார். இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். "தண்ணி குடு" என்றார். நான் டம்ளரில் ஊற்றி, அவர் திரும்பும்வரை மரியாதையாகக் காத்திருந்து நீட்டினேன். உடைந்த மண்டையோடு ரத்தத்தை இளக்கும் மாத்திரையை அவர் விழுங்கினார். அதற்குத் தண்ணீர் கொடுத்தது இந்தக் கை.

மதியம் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "ஏம்மா, நகரி பஸ் வந்துச்சா?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிறகு வாந்தி எடுத்தார். வலது கை டம்ளரைப் பிடிக்கவில்லை. மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே பாஸ்போர்ட், அதே முன்பணம், இந்த முறை பத்து மடங்கு. ஸ்கேனில் மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. செல்வி ஓடி வந்தாள். "அம்மா, ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஏதோ மருந்து உள்ள இருக்கிற மாதிரி இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. அது என்னான்னு தெரிஞ்சா அதுக்கு மாத்து ஊசி போட்டுட்டு உடனே ஆபரேசன் பண்ணுவாங்க. நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்கம்மா" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தனி தடவ கேப்ப? என் புருசன் இன்னா துன்றாரு, இன்னா குடிக்கிறாருன்னு எனுக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். கத்தும்போது, ஓட்டலிலிருந்து கிளம்புகையில் அவர் பையிலிருந்து எடுத்துக்கொண்ட அந்த முடிச்சு என் வலது கைக்குள் இருந்தது. கட்டைவிரலால் அதை உருட்டி உருட்டி கோவிந்தா, கோவிந்தா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன், பணம் கேட்பதற்காக. நைனா விழுந்துட்டாரு, தலையில அடி என்றேன். எவ்வளவு வேண்டும் என்று நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டாய்.

"அம்மா, நைனாவோட மஞ்ச முடிச்சு எங்க?"

"கையிலதான் வெச்சிக்கினு இருக்கேன். அதைத்தான் புடிச்சிக்கினு சாமிய வேண்டிக்கினு இருக்கேன்."

"அவுரும்மா."

"இன்னாடா பேசற? நேந்துக்கினு முடிஞ்சதை அவுப்பாங்களா? இந்த நேரத்துலயா?"

"அம்மா, அவுரு! மாத்திரை அதுலதான் இருக்குது!"

செல்வி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்து முடிச்சு, மஞ்சள் காய்ந்து இறுகிப் போயிருக்கும், பல்லால்தான் கடிக்க வேண்டும் என்று நினைத்து முனையை இழுத்தேன். ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிட்டது. தினம் அவிழ்கிற முடிச்சு அப்படித்தான் அவிழும். என்னை அடித்துப் போட்டது அதுதான், கண்ணு. உள்ளே இருந்த மாத்திரை அட்டையைக்கூட நான் பிறகுதான் பார்த்தேன். கத்தரித்து மடித்த அட்டையில் அஞ்சு மாத்திரை மீதி இருந்தது, கூட ஒரு ஒற்றை ரூபாய். செல்வி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நான் வெறும் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனில் நீ "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். எனக்கு உன் குரல் யாரோ அந்நியன் குரல்போல் இருந்தது. பாஷை தெரியாத ஊர் என்று பயந்தேனே, அந்த ஊர்க்காரி என் பாஷையில்தான் கேட்டாள். நான் என் பாஷையிலேயே தப்பாகச் சொன்னேன், அதுவும் சாமி மேல் ஆணை வைத்து.

மாற்று ஊசி போட்டார்கள். மண்டையில் துளை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள். ஆபரேஷன் காகிதத்தில் நான் தெலுங்கில் கையெழுத்துப் போட்டேன், அந்த நேரத்தில் கைக்கு வந்தது அந்த எழுத்துதான். பதினோரு நாள் அங்கேயே இருந்தோம். கூட வந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். உன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்ததில் பாதிக்கு மேல் அந்த ஆஸ்பத்திரி வாசலில் போனது. இன்சூரன்ஸ்காரர்கள், நோயே இல்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறீர்களே என்று கைவிரித்துவிட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு இல்லை. கிளம்புகிற அன்றைக்குச் செல்வி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வந்தாள். "அம்மா, இனிமே சாமி மேல ஆணை போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பையைத் தொறந்து பாத்துட்டுப் போடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் செருப்பால் அடித்தது போல் இருந்தது, ஆனாலும் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தேன்.

திருப்பதிக்கு வந்து அவருக்குப் பேச்சு தெளிந்த பிறகு கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சூரத்துக்குச் சரக்கெடுக்கப் போகிறேன் என்று நாலு நாள் போனாரே, அந்த நாலு நாளும் அவர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக ஓடிப் படுத்திருந்தார் என்றும், கூட இருந்தது நீ என்றும் அப்போதுதான் தெரிந்தது. நான் இங்கே அவருக்கு வழித்துணைக்காக விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். "எங்கிட்ட ஏன் சொல்லல? நான் இன்னா அந்நியமா?" என்றேன். அவர் சொன்னார்: "உனுக்குத் தெரிஞ்சா மாத்திரைய நிறுத்திட்டு என்னை மலைக்கு நடக்க வெப்ப. புள்ளைக்குப் பண்ண மாதிரி."

இதை உன்னிடம் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. உனக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், நிறுத்தவே கூடாது என்றார். இரண்டு வருஷம் ஒன்றும் வரவில்லை. பெருமாள் குணமாக்கிவிட்டான், இன்னும் மாத்திரை கொடுத்தால் அவனை நம்பாதது போலாகும் என்று எனக்குள் ஒரு எண்ணம். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் உன் மாத்திரையை வாங்காமல் அந்தக் காசை உண்டியலுக்குச் சேர்த்தேன். நோட்டில் மட்டும் 'பிள்ளை மாத்திரை' என்றே எழுதிக்கொண்டு வந்தேன். நான் எழுதிய ஒரே பொய்க் கணக்கு அது. அந்தக் காசோடு உனக்கு முடி இறக்க அலிபிரி அடிவாரத்திலிருந்து மலைப் படி ஏறினோம். பாதி வழியில் உனக்கு வந்தது. என் மடியில் நீ துடித்ததும், வாயில் நுரை தள்ளியதும், சுற்றி நின்றவர்கள் கோவிந்தா என்று கத்தியதும் இன்றும் என் காதில் இருக்கிறது. உன் நைனா என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், மூடினார். "இனிமே புள்ள மாத்திரை எங்கிட்ட" என்றார். அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். பதினேழு வருஷம் அது அவர் நெஞ்சில் முடிந்து கிடந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் தாங்காதவள், உண்மையைக் கொண்டு என்ன செய்வாளோ என்று பயப்பட வேண்டியவள் என்று என்னைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் தீர்மானித்துவிட்டீர்கள். நான் உங்கள் மேல் கோபப்பட்டு ஒரு மாதம் சரியாகப் பேசாமல் இருந்தேனே, அந்தக் கோபத்துக்கு அடியில் இதுதான் இருந்தது. மறைக்கிற வித்தையை இந்த வீட்டில் முதலில் செய்து காட்டியவள் நான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். சித்தூரில் பெண் பார்க்கப் போனபோது ஹேமாவின் அம்மா, "பையனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே அண்ணி?" என்று கேட்டார்கள். "எங்க புள்ளைக்குத் தலைவலிகூட வந்ததில்ல" என்றேன். நீ பஜ்ஜித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய், உன் நைனா மேலே விளக்கைப் பார்த்ததுபோல. அன்று காலையில் நீ மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்தாய் என்பது எனக்குத் தெரியும். அது மலேசியாவுக்கு முன்னால். சரி, அதற்குப் பிறகாவது திருந்தினேனா? புதன்கிழமை ஹேமாவுக்கு ஜாக்கெட் அளவு வாங்கச் சித்தூர் போனேன். அந்தப் பெண் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, அவருக்கு வெளியூர் சாப்பாடு ஒத்துக்குமா? நான் எதுனா மாத்திரை வாங்கி வெச்சிக்கணுமா? மாமாவுக்கு அங்க அப்பிடி ஆச்சே, அதான் பயமா இருக்குது." நான் யோசிப்பதற்குள் என் வாய் தானே சொல்லிவிட்டது: "ஒண்ணும் வேணாம்மா, அவன் கல்லு மாதிரி." கண்ணு, எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கட்டிய புருஷனை மண்டையில் துளை போட்டு மீட்டுக்கொண்டு வந்தவள், அதே பொய்யை அதே வேகத்தில் சொல்லிவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன். திரும்பும்போது பஸ் புத்தலப்பட்டில் நின்றது. இறங்கி மறு பஸ் பிடித்துப் போய் அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிடலாமா என்று எழுந்துகூட நின்றேன். இறங்குகிறாயா என்று கண்டக்டர், "ஏமம்மா, திகுதாவா?" என்றார். உட்கார்ந்துவிட்டேன். அது நான் சொல்ல வேண்டியதில்லை, நீ சொல்ல வேண்டியது என்று தோன்றியது. நான் சொன்னால் மறுபடியும் ஒரு காரியத்தை உன் முதுகுக்குப் பின்னால் செய்தது போலாகும்.

யோசித்துப் பார். பாஷை தெரியாத ஊரில் ஓட்டல் அறையில் உனக்கு அது வருகிறது. கல்யாணமாகிப் பத்து நாள் ஆன பெண் உன் பக்கத்தில் நிற்கிறாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று தெரியாது. அங்கே ஒரு டாக்டர் கேட்பார்: இவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? அவளும் நம் பேச்சை நம்பி, தன் குலதெய்வத்தின் மேல் ஆணை வைத்து, ஒன்றுமில்லை என்பாள். அந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். அவளை அங்கே நிற்க வைக்காதே. ஃபார்மில் போட்ட 'இல்லை'யையும் மாற்று. பணம் கூடக் கேட்டால் கட்டு. கொடுக்க மாட்டேன் என்றால் பயணத்தை நிறுத்து.

வருகிற வெள்ளிக்கிழமை அவள் புடவை எடுக்கத் திருப்பதி வருகிறாள். நீயும் வருகிறாய். அன்றைக்குச் சொல். சொன்னால் அவள் வேண்டாம் என்று எழுந்து போகலாம். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, சொந்தக்காரர்கள் வாயில் நாம் வெற்றிலையாவோம். ஆகட்டும். அவள் அம்மா வந்து என்னைக் கேட்டால் வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறேன். பொய் சொன்னது என் வாய்தான். உன்மேல் ஒரு சொல் விழ விடமாட்டேன்.

உன் நைனாவுக்கு இப்போது வலது கை கொஞ்சம் தளர்வு. லுங்கி எண்ணும்போது நூறைத் தாண்டினால் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார். அவருடைய மாத்திரை, என்னுடையது, எல்லாம் பிரிட்ஜ் மேல் கண்ணாடி டப்பாவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த மாத்திரையின் பேரை அட்டையைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்தில் எழுதப் பழகினேன், மூன்று நாள் ஆயிற்று. கோணல்மாணலாக எழுதி இரண்டு பாஸ்போர்ட்டிலும் வைத்திருக்கிறேன். அந்த ஒற்றை ரூபாயைப் பற்றியும் கேட்டேன். "வெறும் மாத்திரைய முடிஞ்சா சாமிக்கே பொய் சொன்ன மாதிரி ஆவுமேன்னு ஒரு ரூவா போட்டேன்" என்றார். அப்படியானால் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்றேன். "நீ அதை அவுக்காம இருக்கணும்னுதான்" என்றார். போன மாதம் மலைக்குப் போனபோது அந்த ரூபாயை உண்டியலில் நானே போட்டேன். கேட்டதைக் கொடுக்காததற்காகப் பெருமாளுக்கு நான் செலுத்திய காணிக்கை அது ஒன்றுதான்.

இந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. நீ அவளிடம் சொல்கிறவரை இது உனக்கும் எனக்கும் மட்டும். சொன்ன பிறகு அவள் படிக்கட்டும். அவள் சரி என்றால், நம்மைப் போல மூட்டை கட்டிக்கொண்டு வெளிநாடு கிளம்புகிற நாலு வீட்டுக்காரர்களும் படிக்கட்டும்.

கூடவே அந்த மஞ்சள் துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். உன் மாத்திரை அட்டையை அதில் வைத்து ஹேமாவின் கையில் கொடு. முடிச்சு மட்டும் போடாதே.

உன் அம்மா